பழைய காருக்குத் ‘தேர்ட் பார்ட்டி’ போதுமாம்!

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரை எந்தக் கராஜில் கேட்டாலும் ஒரே பதில்தான். இருபது வயதுப் பையன் ஒருவன் பொக்ஸ் லான்சரோ, பழைய சன்னியோ, யோகம் இருந்தால் ஒரு மொரிஸ் மைனரோ வாங்கிக்கொண்டு வருவான். காப்புறுதிப் பேச்சு எழும். “பழைய வண்டிக்கு என்னத்துக்குடா ஃபுல்லு? தேர்ட் பார்ட்டி போட்டு லைசன எடு, மிச்சக் காசுல ரயர மாத்து” என்பார் டிங்கரிங் பாஸ். அப்பா தலையாட்டுவார். கூட வந்த தாய்மாமன், தானும் முப்பது வருடமாக அப்படித்தான் ஓட்டுவதாகச் சாட்சி சொல்வார். லண்டனிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் சித்தப்பா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: “அது கிளாசிக் காரடா, கிளாசிக் இன்சூரன்ஸ் என்று ஒன்று இருக்கு, சும்மா தூசு விலை, விசாரிச்சுப் பார்.” விசாரித்தால் அவர் சொல்கிற மாதிரி ஒன்று இங்கே கைக்கு எட்டாது. திரும்பவும் தேர்ட் பார்ட்டிதான்.

சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒருமித்துப் பேசும் விஷயங்கள் கண்டியில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று. அவ்வளவு பேர் சேர்ந்து சொல்வதாலேயே அதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்த்தால் தலைகீழாக வருகிறது. பழைய கார், இளம் ஓட்டுநர், மலை வீதி மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் முழுக் காப்புறுதி மற்ற எவரையும்விட அந்தப் பையனுக்கு அவசியம் என்பது என் கட்சி.

கராஜ்காரர் வாயிலிருந்து வரும் இந்த வாக்கியம் பொய்யாகப் பிறக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பழைய கார் என்றால் உண்மையிலேயே மலிவான கார். வருடா வருடம் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வண்டிகள் வந்து இறங்கும். பழையது தன்பாட்டில் விலை விழும். காரின் விலையே சொற்பமாக இருக்கையில் அதைக் காக்க வருடா வருடம் பணம் கட்டுவது வீண் என்பது நியாயமான கணக்கு. அந்தக் கணக்கின் அடித்தளம் 2020 மார்ச்சில் உடைந்தது. கொரோனாவோடு சேர்ந்து, அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் ரூபாய் சரிந்தது. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவுக்கு உள்ளே வரி உட்கார்ந்திருந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில், விலை இறங்கியிருக்க வேண்டிய ஒவ்வொரு பழைய காரும் விலை ஏறியது. பேராதனை வீதி கார் சேல்களில் நிற்கும் வண்டிகளின் விலையை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். ‘சும்மா பழைய கார்’ என்ற சொல் தொண்டையில் நின்றுவிடும். விலை மாறிவிட்டது, வாக்கியம் மாறவில்லை. கராஜ்காரர் 2010 ஆம் ஆண்டின் காரைப் பற்றி இன்றைய பையனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

‘ஸ்ரீ’ இலக்கத் தகடு உள்ள வண்டிகளுக்கு இதற்கு மேல் ஒரு மவுசு. மொரிஸ், ஒஸ்டின், வொக்ஸ்வாகன் பீட்டில் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். (1957, 58 இல் சிங்கள ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில் நம்மவர்கள் எந்த எழுத்தின்மேல் தார் பூசினார்களோ, அதே எழுத்துத் தகடு ஒரிஜினலாக இருக்கிறதா என்று இன்று நம் பிள்ளைகள் தேடித்தேடி வாங்குகிறார்கள். வரலாறு இப்படியும் சிரிக்கும்.) அந்த ரசிகர்களிடம் இரண்டு வாக்கியங்கள் ஒரே மூச்சில் வரும்: “இது பழைய வண்டி, தேர்ட் பார்ட்டி போதும்”, “இது கிளாசிக், வருசத்துக்கு வருசம் விலை கூடும்.” இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். விலை கூடுகிற சொத்து என்றால் அதைக் காக்க வேண்டும். காக்கத் தேவையில்லாத அளவு மலிவு என்றால் அது சொத்து இல்லை.

கார் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லீசிங் எடுத்த வாகனத்துக்கு முழுக் காப்புறுதி போடாமல் லீசிங் கம்பனி விடாது. அது உங்கள் மேல் உள்ள அன்பினால் அல்ல. கார் கவிழ்ந்தால் தன் பணம் கவிழும் என்று அதற்குத் தெரியும். பழைய வண்டிகளுக்குப் பொதுவாக லீசிங் கிடைப்பதில்லை. ஆகவே பணம் வேறு வழியில் வருகிறது: சீட்டுக் காசு, கட்டாரில் இருக்கும் அண்ணன் அனுப்பியது, அப்பாவின் சேமலாப நிதி, அடகுக் கடைக்குப் போன அம்மாவின் வளையல். லீசிங் கம்பனியைப் போல் கட்டாயப்படுத்த இந்தப் பணத்துக்கு ஆளில்லை. வட்டிக்குப் பணம் கொடுப்பவன் தன் காசுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அம்மாவின் வளையலுக்குக் காட்ட வேண்டாம் என்பதுதான், சுற்றி வளைக்காமல் சொன்னால், ‘தேர்ட் பார்ட்டி போதும்’ என்பதன் பொருள்.

தேர்ட் பார்ட்டி என்ன செய்கிறது என்பதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது, வீதியில் நடந்து போகிறவருக்காக. உங்கள் காரால் இன்னொருவர் இறந்தால், காயப்பட்டால், நீதிமன்றம் தீர்க்கும் நட்டஈட்டைக் கட்ட ஒரு நிறுவனம் பின்னால் நிற்கும். நல்ல சட்டம். ஆனால் அது காக்கிறது அவரை. உங்கள் காருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. ஸ்டியரிங் பிடித்த உங்கள் கைகாலுக்கும் இல்லை. மற்றவர் சொத்துக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்குப் பத்திரத்தில் ஓர் உச்சத்தொகை எழுதியிருக்கும், அதைத் தாண்டினால் மீதி உங்கள் தலையில். அந்தத் தொகையைப் படித்துப் பார்த்த இளைஞனை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கெட்டம்பே சந்தியில், மாலை ஐந்து மணி நெரிசலில், முன்னால் நிற்பது ஒரு புதிய ஹைபிரிட் எஸ்யூவி என்று வையுங்கள். உங்கள் பழைய பிரேக் ஒரு முழம் தாமதமாகப் பிடிக்கிறது. அதன் பின்விளக்கு, சென்சர், கதவுப் பலகை எல்லாம் சேர்ந்து வரும் பில் உங்கள் முழுக் காரையும் விற்றாலும் அடையாமல் போகலாம். சின்ன கார், சின்ன பொறுப்பு என்று நினைப்பது பிழை. நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள் என்பதைவிட எதை இடிக்கிறீர்கள் என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கிறது.

இனி லண்டன் சித்தப்பாவுக்கு வருவோம். அவர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு, பெரிய பிழை ஒன்றும் உண்டு.

பிரித்தானியாவில் ஓட்டுநரின் வயதுதான் பிரீமியத்தின் தலையாய விஷயம். 18 வயதுப் பிள்ளை ஒரு சாதாரண சிறிய காருக்குக் கட்டும் தொகையைக் கேட்டால் காரின் விலையா காப்புறுதியின் விலையா என்று குழம்பும். அதனால் அங்கே சிலர் ஒரு தந்திரம் பார்ப்பார்கள்: பழைய மினி ஒன்றை வாங்கி, கிளாசிக் காப்புறுதி எடுத்தால் மலிவாக முடியும் என்று. கிளாசிக் பத்திரம் உண்மையிலேயே மலிவுதான். ஏன் மலிவு? பெரும்பாலும் வருடத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்ற வரம்பு. இரவில் கராஜில் நிறுத்த வேண்டும். தினப் பாவனைக்கு வேறு கார் இருக்க வேண்டும். பல இடங்களில் ஓட்டுநருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். உலகப் பழங்கார்க் கழகங்களின் கூட்டமைப்பான ஃபீவாவின் வரையறையும் இதே தொனிதான்: குறைந்தது 30 வயது, வரலாற்று நிலை மாறாத பராமரிப்பு, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாமை. அதாவது ஞாயிற்றுக்கிழமை துடைத்து வெளியே எடுத்து, நண்பர்களுக்குக் காட்டி, திரும்ப மூடிவைக்கும் கார். கண்டிப் பையனின் கார் அப்படியா? அது காலையில் தங்கையை டியூஷனுக்கு இறக்குகிறது, பகலில் அவனைப் பேராதனைக்கோ குண்டசாலைக்கோ வேலைக்குக் கொண்டுபோகிறது, ராத்திரி நண்பர்களோடு ஹந்தானை ஏறுகிறது. மலிவின் காரணம் எதுவும் அவனிடம் இல்லாமல் மலிவை மட்டும் கேட்பது எப்படி?

சித்தப்பா கவனிக்காதது இதைவிடப் பெரியது. இலங்கையில் காருக்கு முழுக் காப்புறுதி எடுக்கும்போது பிரீமியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காரின் பெறுமதி, வகை, பாவனை, நோ கிளெய்ம் போனஸ். ஓட்டுகிறவனுக்கு 19 வயதா 49 வயதா என்பது பிரித்தானியாவைப் போல விலையை மூன்று மடங்கு நான்கு மடங்கு ஆக்குவதில்லை. சில பத்திரங்களில் இளம் ஓட்டுநர் விபத்தானால் அவர் கையிலிருந்து போடவேண்டிய எக்ஸஸ் கூடும், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் தன் வயதுக்காகத் தண்டம் கட்டுகிறான். கண்டியில் இருக்கும் நீங்கள் ஏறக்குறைய அப்பா கட்டும் விலையிலேயே அதே பாதுகாப்பை வாங்கலாம். விபத்துக்கு அதிகம் ஆளாகிறவர்கள் இளம் ஓட்டுநர்கள் என்பது உலகம் முழுக்கக் காப்புறுதிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். உங்கள் ஆபத்து அதிகம், விலை மட்டும் சராசரி. சந்தையில் இளைஞருக்குச் சாதகமாக இருக்கும் ஒரே ஒரு பொருளை, ‘அது பெரியாட்கள் போடுவது’ என்று சொல்லி இளைஞர்களே தள்ளிவிடுகிறார்கள்.

நோ கிளெய்ம் போனஸும் அப்படித்தான். இருபது வயதில் முழுக் காப்புறுதி தொடங்கி, விபத்தில்லாமல் வருடங்கள் போனால், கழிவு ஏறிக்கொண்டே போகும். இருபத்தேழு வயதில் கல்யாணம் முடித்து நல்ல கார் ஒன்று வாங்கும்போது அந்தக் கழிவு கூடவே வரும். தேர்ட் பார்ட்டியில் ஏழு வருடம் கீறல் இல்லாமல் ஓட்டினாலும் அதைக் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

இப்போது வீதிக்கு இறங்குவோம். கொழும்பில் சமதரையில் உட்கார்ந்து ‘மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லலாம். இங்கே வீதியே வேறு. கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னால் கொள்கலன் லொறி உறுமும், பின்னால் தனியார் பஸ் ஹோனிலிருந்து கையை எடுக்காது. மகியங்கனைப் பக்கம் ஹுன்னஸ்கிரியவில் பனிமூட்டம் பட்டப்பகலில் இறங்கும்; அதைத் தாண்டினால் பதினெட்டு வளைவு. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பக்கம் தேயிலைத் தோட்ட வீதிகளில் இரண்டு வண்டி சந்தித்தால் ஒன்று கானுக்குள் ஒதுங்க வேண்டும். மொரிஸ் மைனர் 1948 இலிருந்து 1971 வரை செய்யப்பட்ட கார்; அதன் நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதி கீழே போகும், வண்டி நிற்காது. பழைய தோட்டத்து ட்ரைவர்களுக்கு இது தெரியும். ஏறிய கியரிலேயே இறங்குவார்கள். ட்ரைவிங் ஸ்கூலில் ஆல்டோவில் பழகி, வீட்டில் அக்காவின் ஒட்டோ கியர் வண்டியை ஓட்டிய பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பழைய காரும் புதிய ஓட்டுநரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இறக்கத்தில் சந்திக்கிறார்கள்.

ஓட்டுவதே இல்லாமலும் கார் போகும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம். மலைச் சரிவுகள் வீடுகளோடு இறங்கின. கம்பளை நகருக்குள் மகாவலி புகுந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் பகல கடுகண்ணாவையில் கொழும்பு வீதியோரம் பாறையும் மண்ணும் சரிந்து ஆட்கள் இறந்தார்கள். உயிர் போன இடத்தில் காரைப் பற்றிப் பேசுவது கொச்சையாகத் தோன்றலாம். ஆனால் உயிர் தப்பிய குடும்பம் அடுத்த மாதம் என்ன வைத்து எழும்புவது என்ற கேள்வி வரும்போது, சேற்றுக்குள் கிடந்த வண்டிகளுக்குப் பணம் வந்தவர், வராதவர் என்ற இரண்டு வகை தெளிவாகப் பிரிந்தது. தேர்ட் பார்ட்டி வைத்திருந்தவர் முழுக்க இரண்டாவது வகை. முழுக் காப்புறுதி வைத்திருந்தும் வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அழிவுகளைச் சேர்க்காமல் விட்டவரும் அங்கேதான் நின்றார். கண்டியில் அந்த ஒரு வரியை வெட்டிப் பிரீமியத்தைக் குறைப்பவரைச் சிக்கனக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் உண்டு, பேசத் தயங்குவோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை எங்கும் முஸ்லிம் மக்களுக்கு எதிராகப் பாய்ந்த வன்முறையில் வீடு, கடை, பள்ளிவாசல்களோடு வாகனங்களும் எரிந்தன. நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. அதன் பொறி, வீதியில் இரண்டு வண்டிக்காரரிடையே எழுந்த ஒரு தகராறு. கலவரம், குழப்பம், பயங்கரவாதம் இவற்றால் வரும் சேதத்துக்கு இந்த நாட்டில் அரசாங்கமே ஒரு நிதியம் வைத்திருக்கிறது. இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இயங்குகிறது. ஆனால் அது முழுக் காப்புறுதியோடு சேர்த்து எடுக்க வேண்டிய ஒன்று. 1983 கலவரத்தைக் கண்ட தமிழ் வீடுகளிலும் 2018 ஐக் கண்ட முஸ்லிம் வீடுகளிலும் இதை விளக்கிச் சொல்லவேண்டியிருப்பதே எனக்கு வியப்பு.

எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு இன்னும் வரவில்லை. “ஃபுல் போட்டாலும் கம்பனிக்காரன் கடைசியில கழிச்சுத்தான் தருவான்.” இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, பெரும்பாலும் பட்டவர். ஆனால் ஏன் கழித்தார்கள் என்று கேட்டால், பாதிக் கதைகள் ஒரே இடத்தில் முட்டும்.

பத்திரத்தில் ‘எவரேஜ்’ என்ற ஒரு நிபந்தனை இருக்கும். காரின் சந்தைப் பெறுமதியைவிடக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், சேதத்திலும் அதே விகிதம்தான் கிடைக்கும். கணக்குக்காக, உங்கள் கார் இன்று 24 லட்சம் பெறும் என்று வையுங்கள். பிரீமியத்தைக் குறைக்க, அல்லது நாலு வருடத்துக்கு முந்திய தொகையையே மாற்றாமல், 12 லட்சத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். விபத்தில் 4 லட்சம் செலவு. உங்களுக்கு 2 லட்சம்தான் வரும், அதிலும் எக்ஸஸ் கழியும். நீங்கள் பாதிக் காரைத்தான் காப்புறுதி செய்தீர்கள். மீதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதிக் கம்பனி. 2020 க்குப் பிறகு கார் விலை ஏற ஏற, பழைய தொகையிலேயே வருடா வருடம் புதுப்பித்த எல்லாரும் தெரியாமலே இந்தப் பொறிக்குள் நடந்தார்கள். ‘கம்பனிக்காரன் ஏமாற்றினான்’ என்ற கோபத்தின் கணிசமான பகுதி இங்கே பிறந்தது. கம்பனிகளுக்கும் இதில் வெட்கப்பட இடமிருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ‘உங்கள் கார் விலை கூடிவிட்டது, தொகையைத் திருத்துங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கத் தெரியாதா?

பழைய காருக்கே உரிய கழிப்பு இன்னொன்று: உதிரிப்பாகத் தேய்மானம். முப்பது வயது மட்கார்டை மாற்றிப் புதிது போட்டால், பழசுக்குப் புதிது கிடைத்த லாபம் என்று ஒரு வீதத்தைக் கழிப்பார்கள். மைனருக்கும் பீட்டிலுக்கும் மட்கார்டு கடையில் தொங்குவதில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேட வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் தகட்டை அடித்து வளைத்துச் செய்ய வேண்டும். தகட்டின் விலை சொற்பம், பாஸின் கூலிதான் பெரிது. மதிப்பீட்டுக்கு வருகிறவர் புதிய கார்களையே பார்த்துப் பழகியவர் என்றால் இந்தக் கூலியைக் குறைத்தே எழுதுவார். இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு ‘காப்புறுதி வேண்டாம்’ என்பதாக இருக்க முடியாது. போடும்போதே காரைப் பரிசோதித்து, படம் எடுத்து, மதிப்பீட்டு அறிக்கையோடு தொகையை எழுத்தில் பேசி முடித்துக்கொள் என்பதுதான் வருகிறது. லண்டன் கிளாசிக் பத்திரத்தில் உண்மையிலேயே பொறாமைப்பட வேண்டிய அம்சம் அதன் மலிவு அல்ல, முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பெறுமதி. அதைக் கேட்பதற்கு இங்கேயும் வாய் இருக்கிறது. எல்லாக் கம்பனியும் சம்மதிக்காது. கேட்டுப் பார்க்காமல் ஒருவரும் தரப்போவதும் இல்லை. கிளெய்மில் அநியாயம் நடந்தால் முறையிட இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். தேர்ட் பார்ட்டிக்காரருக்குத் தன் காரைப் பற்றி முறையிட ஒரு முகவரியும் இல்லை, ஏனென்றால் அவர் எதையும் வாங்கவில்லை.

மீதிக் கதைகளில் பிழை பெரும்பாலும் நம் பக்கம். பழைய மொரிஸுக்கு ரிப்பன் கட்டிக் கல்யாண ஹயருக்கு விடுவது இப்போது நல்ல வருமானம். பத்திரத்திலோ ‘தனிப்பட்ட பாவனை’ என்று இருக்கும். மாப்பிள்ளை பெண்ணோடு மரத்தில் மோதினால் கம்பனி கையை விரிக்கும், சட்டப்படி அது சரி. என்ஜினை மாற்றுவார்கள், வண்டியைத் தரையோடு பதிப்பார்கள், அகல ரிம் போடுவார்கள். ஒன்றையும் அறிவிக்க மாட்டார்கள். பிறகு ஓபன் பேப்பர். மூன்று கை மாறிய பிறகும் வாகனப் பதிவுப் புக்கில் இருப்பது மாத்தளையில் எங்கோ இருக்கும் முதல் உரிமையாளரின் பெயர். முழுக் காப்புறுதி என்று போனால் புக் கேட்பார்கள், பெயர் கேட்பார்கள், அதனால் தேர்ட் பார்ட்டி. இதுதான் பலரின் உண்மையான காரணம் என்பது என் ஊகம். மலிவு என்பது வெளியே சொல்ல ஏற்ற காரணம். பெயர் மாற்றாத காரை நீங்கள் வாங்கவே இல்லை, வாடகையில்லாமல் இரவல் வைத்திருக்கிறீர்கள்.

தேர்ட் பார்ட்டியே சரியான ஆட்களும் உண்டு. கட்டையில் ஏற்றி, நாலு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கும் வண்டி. மாதத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வண்டி. தொலைந்தால் ‘போனது போகட்டும்’ என்று அடுத்த வாரமே இன்னொன்று வாங்கக்கூடிய முதலாளியின் வண்டி. இந்த மூவரில் எவரும் இருபது வயதுப் பையன் இல்லை. தாய்மாமன் முப்பது வருடம் தேர்ட் பார்ட்டியில் ஓட்டினார் என்றால், அவருக்கு முப்பது வருட அனுபவமும், விழுந்தால் தாங்க ஒரு பென்ஷனும் இருக்கின்றன. அவருடைய அதிர்ஷ்டத்தை மருமகனுக்கு ஆலோசனையாகக் கொடுப்பது நியாயமில்லை.

கடைசியாகக் ‘காசில்லை’ என்ற வாதம். சவுண்ட் செட்டுக்கும் அலோய் வீலுக்கும் கொடுத்த காசைச் சொல்லிக் காட்ட நான் விரும்பவில்லை. அந்த வயதில் அது வேண்டும். வேறு வழி இருக்கிறது. நம் ஊரில் காப்புறுதியை அளக்கும் அளவுகோலே கோணல். பம்பர் கீறினால் அதே இடத்தில் வந்து ஐயாயிரம், பத்தாயிரம் தந்தானா, நல்ல கம்பனி. தரவில்லையா, மோசக் கம்பனி. டிவி விளம்பரங்களும் நம்மை அப்படியே பழக்கிவிட்டன. கீறலுக்குக் காப்புறுதி தேவையில்லை, அதைப் பாஸ் பார்த்துக்கொள்வார். எக்ஸஸைக் கூட்டிக்கொள்கிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சின்னச் சேதம் எல்லாம் என் பொறுப்பு, கார் பள்ளத்தில் போனால், எரிந்தால், திருட்டுப் போனால், வெள்ளத்தில் மூழ்கினால் உன் பொறுப்பு என்று. பிரீமியம் இறங்கும். சின்ன கிளெய்ம் இல்லாததால் போனஸும் கெடாது. தேர்ட் பார்ட்டிக்கும் இதற்கும் இடையே மிஞ்சும் வித்தியாசத்தை மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால், ஹந்தானை உச்சிக்கு நண்பர்களோடு போய்வரும் பெற்றோல் செலவோடு ஒப்பிடக்கூடிய இடத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவு கணக்கும் தெரிந்தவர்கள்கூடத் தேர்ட் பார்ட்டியில் போய் முடிவது ஏன் என்றால், முடிவு எடுக்கப்படும் இடம் அப்படி. வருமான அனுமதிப்பத்திரம் நாளையோடு முடிகிறது. புகைச் சான்றிதழ் கையில், பிரதேச செயலகத்தில் வரிசை. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போக முடியாது. வெளியே இருக்கும் முகவர் ஐந்து நிமிடத்தில் ஒரு தாளை எழுதித் தருகிறார், பெயரும் இலக்கமும் போதும். முழுக் காப்புறுதிக்குக் காரைப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், பெறுமதி பேச வேண்டும். பழைய வண்டி என்றால் இரண்டு கம்பனி மறுத்து மூன்றாவது கம்பனிதான் சம்மதிக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம் தேவை. அனுமதிப்பத்திரம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே காரைக் கழுவி, புக்கைத் தன் பெயருக்கு மாற்றி எடுத்துக்கொண்டு போகிற பையனுக்குத்தான் தெரிவு என்று ஒன்று இருக்கிறது. வரிசையில் நிற்பவனுக்கு முகவரின் பேனா மட்டும்தான்.